புத்தளத்து நாலு நிமிடம்

ஒரு ஊரே வாயில் ஈச்சம்பழத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்த மாலை ஒன்று இருக்கிறது. நான் மறந்தாலும் அந்த ஊர் மறக்காது.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். ஊரின் பெயரைப் போடவில்லை. ஏன் என்று வாசித்து முடிக்கும்போது தெரியும். நோன்பின் முதல் நாள். விறாந்தையில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். கையில் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் மணக்கும் நோன்புக் கஞ்சி. நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்று, இறைச்சி போடாமல் எனக்காகத் தனிச் சட்டியில் காய்ச்சியிருந்தார்கள்.

உள்ளே சுவரில் நான் செய்த மணிக்கூடு. சிவப்பு இலக்கங்கள், ஐந்து நேரத் தொழுகைக்கும் ஐந்து வரி. நேரம் வந்ததும் அது மூன்று தரம் கூவியது. மௌலவி பாங்கு சொன்னார். எல்லோரும் ஈச்சம்பழத்தை வாயில் போட்டார்கள்.

அப்போதுதான் ரசீன் நானாவின் தொலைபேசி அடித்தது. நானா அந்த ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மூத்தவர். அவருடைய மனைவி இருப்பது புத்தளத்தில். நோன்பு நாள்களில் பாங்கு நேரத்துக்கு மனைவி அழைப்பார். நானா தொலைபேசியைச் சத்தமாகப் போட்டு வாசற்படியில் வைப்பார். அங்கே புத்தளத்துப் பாங்கு, இங்கே இந்தப் பாங்கு, இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும். இருவரும் ஒன்றாக நோன்பு திறப்பார்கள். வருடக்கணக்காக அதுதான் வழக்கம்.

“இஞ்சை பாருங்கோ, அங்கை பாங்கு கேக்குது, அதுக்குள்ளை திறந்திட்டீங்களோ?” என்றது தொலைபேசி. “இங்கை இன்னும் பாங்கு சொல்லேல்லையே!”

நானா எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தொழுகை நேரக் கலண்டரைப் பார்த்தார். பிறகு என் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் இடையில் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடம் முடிந்ததும் தொலைபேசிக்குள் புத்தளத்துப் பாங்கு கேட்டது. கலண்டர் சொன்ன அதே நேரம்.

பொழுது படுமுன் நோன்பைத் திறந்தால் அந்த நோன்பு கணக்கில் வராது. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த ஒரு ஊரின் முதல் நோன்பை நான் உடைத்துவிட்டேன். அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள். அந்த நிமிடத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாமியின் சாமான்

போன கிழமை இந்தப் பத்தியில் வந்ததை வாசித்துவிட்டு, “ரேடியோ திருத்துகிற பெண்ணுக்குச் சாமியோடு என்ன வேலை?” என்று ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். எனக்குச் சாமியோடு ஒரு வேலையும் இல்லை ஐயா. சாமியின் சாமான்களோடுதான் வேலை.

கிளிநொச்சியில் கடை, ஸ்கந்தபுரத்தில் வீடும் வயலும். ஊரில் என் பெயர் ரேடியோக் கலா. இப்போது ரேடியோ ஒருவரும் கொண்டுவருவதில்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

நான் செய்த, திருத்திய சாமான்கள் பல கோயில்களில் இருக்கின்றன. அவை இருக்கும் இடத்துக்கு நான் போனதில்லை. கோயிலில் மூலஸ்தானத்துக்குள் ஐயர்தான் போகலாம். பள்ளிவாசலில் விறாந்தை வரைக்கும் எனக்குக் கதிரை உண்டு. ஆகவே என் வேலையில் பாதி, வாசலில் நின்று உள்ளே இருப்பவரைப் பார்த்துக் கத்துவது.

நோன்பின் முதல் நாள் பின்னேரம் மணிக்கூட்டை மாட்டும்போதும் அதுதான் நடந்தது. மௌலவி ஏணியில், நான் விறாந்தையில்.

“வலப்பக்கப் பொத்தானை அமத்துங்கோ!”

“எந்தப் பக்கத்து வலது தங்கச்சி? எனக்கோ, மணிக்கூட்டுக்கோ?”

மணிக்கூட்டுக்கு வலது எது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. மௌலவி இரண்டு பக்கமும் அமத்திப் பார்த்தார். அது வேலை செய்தது.

கண்டாவளை மேளம்

ரசீன் நானா என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒரு மேளம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்டாவளைப் பக்கம் ஒரு கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ மின்சார மேளம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். இரும்புச் சட்டத்தில் இரண்டு மேளம், ஒரு சேமக்கலம், ஒரு மணி, நடுவில் மோட்டர். ஆளை விட ஒழுங்காக அடிக்கும். அதற்கு வயர் இழுத்துக் கொடுத்தது நான்.

ஒரு நாள் காலைப் பூசையில் மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் நின்றுவிட்டது. ஐயர் பூசையை முடித்து, கோயிலைப் பூட்டிக்கொண்டு மோட்டர் சைக்கிளில் பரந்தனுக்குப் போய்விட்டார். மேளத்தின் ஆளியை அணைக்க மறந்துவிட்டார். மத்தியானம் கரண்ட் வந்தது. பூட்டிய கோயிலுக்குள் மேளமும் மணியும் தாங்களாகவே தொடங்கின.

சனம் பூசை என்று நினைத்துத் தேங்காய், பழத்தட்டோடு வந்து சேர்ந்தது. கதவு பூட்டு, உள்ளே மேளம். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மனிசிக்கு உரு வந்துவிட்டது. ஐயரைத் தொலைபேசியில் பிடித்துத் திருப்பி வரவைத்தார்கள். வந்தவர் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, குளித்துவிட்டுப் பூசையைச் செய்து முடித்தார்.

பிறகு நான் போய், கரண்ட் வந்தாலும் ஆள் அமத்தாமல் தொடங்காதபடி மாற்றிக் கொடுத்தேன். அன்று கற்றுக்கொண்டதை இன்றைக்கும் கைவிடவில்லை. இயந்திரம் ஞாபகப்படுத்தலாம், தொடங்குவது மனிதராக இருக்க வேண்டும். அதனால்தான் என் மணிக்கூடு பாங்கு சொல்லாது. மூன்று தரம் கூவிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மிச்சம் மௌலவியின் வேலை.

“கண்டாவளையிலை கோயில் மேளத்தை நிப்பாட்டினது நீதானோ பிள்ளை?” என்று கேட்டபடிதான் நானா என் கடைக்குள் வந்தார்.

“ஓம் நானா.”

“அப்ப உனக்கு விளங்கும்,” என்று ஒரு உரப்பையை மேசையில் வைத்தார். உள்ளே கரிந்த மணிக்கூடு ஒன்று இருந்தது. ஐப்பசி மின்னலில் போனது. நோன்பு கிட்டத்தில் வந்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது.

பழையதில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூளைச் சில்லு உருகி ஒட்டியிருந்தது. நான் புதிதாகவே ஒன்று செய்தேன். முல்லைத்தீவு பூமியில் எங்கே இருக்கிறது என்று எடுத்து, சூரியன் அங்கே எப்போது எழும், எப்போது விழும் என்று வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டு உள்ளே ஏற்றினேன். மூன்று கிழமை வேலை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒருவரும் சத்தம் போடவில்லை

அந்த மாலைக்குத் திரும்புகிறேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“பிள்ளை, நேரம் போகுது. நீ பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை போ. பிறகு கதைப்பம்,” என்றார் நானா. கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தேன். ஒருவர் பஸ் தரிப்பு வரைக்கும் கூட வந்தார். அந்த மரியாதைதான் சுட்டது.

அந்த ஊர்ச் சனம் ஒரு காலத்தில் இந்த மண்ணை விட்டுப் போகச் சொல்லப்பட்டுப் போனவர்கள். சொன்னவர்களும் தமிழ் பேசியவர்கள், போனவர்களும் தமிழ் பேசியவர்கள். நான் அப்போது முல்லைத்தீவில் சித்தி வீட்டில் நின்று படித்தேன். திடீரென்று ஒரு நாள் வகுப்பில் மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்தன. இடாப்புக் கூப்பிட்ட ஆசிரியர் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போனார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்படிப்பட்டவர்கள் இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து, நம்பி ஒரு சாமானைத் தந்திருக்கிறார்கள். நான் அவர்களுடைய முதல் நோன்பை உடைத்துக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் அழுதேன். நடத்துநர் மிச்சக் காசுக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து உடனே தந்துவிட்டார்.

கிணறு வெட்டப் பூதம்

மறுநாள் விடிய கடையைத் திறந்ததும் கணக்கைத் திரும்பப் போட்டேன். சரி. இன்னொரு தரம் போட்டேன். அதுவும் சரி. எனக்குக் கோபம் வந்தது. பழைய மணிக்கூட்டின் கரிந்த பலகையை ஓடாத சாமான்களின் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். பின்பக்கத்துக் கரியைத் துடைத்தபோது, நீல மையில் கையெழுத்து ஒன்று தெரிந்தது.

“புத்தளம்.”

தொலைபேசியில் முதல்நாள் எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். மணிக்கூடு மாட்டும் உயரத்துக்காகச் சுவரைப் படமெடுத்திருந்தேன். கலண்டரில் தொழுகை நேரங்களுக்குக் கீழே, எறும்பு எழுத்தில்: “புத்தளம் நகருக்குரியது.”

மௌலவிக்கு அழைத்தேன். மணிக்கூட்டின் கதையை அவர் சொன்னார். புத்தளத்தில் அகதி முகாமில் கிடுகு வேய்ந்த பள்ளிவாசல் ஒன்று இருந்ததாம். அதற்காக அங்கே யாரோ கைகாரன் செய்து கொடுத்த மணிக்கூடு அது. ஊருக்குத் திரும்பும்போது நானா அதை மடியில் வைத்துக்கொண்டு லொறியில் வந்தாராம். கலண்டரோ, வருடா வருடம் நானாவின் மருமகன் புத்தளத்துக் கடையிலிருந்து அனுப்புவது. இரண்டு சாட்சி, இரண்டும் ஒரே வீட்டுக்காரர். பிறகு ஒன்றை ஒன்று எப்படிப் பிழை என்று சொல்லும்?

கிழக்கே இருப்பவனுக்குப் பொழுது முந்தி விடியும், முந்திப் படும். முல்லைத்தீவு கிழக்குக் கரை, புத்தளம் மேற்குக் கரை. நோன்பு வந்த அந்த மாதத்தில் இரண்டுக்கும் இடையில் நாலு நிமிடம். அவர்கள் ஊர் திரும்பிய நாளிலிருந்து புத்தளத்துப் பொழுதுக்குத்தான் நோன்பு பிடித்திருக்கிறார்கள்.

“அப்ப நேத்தையான் நோன்பு சரி,” என்றார் மௌலவி. மூச்சு விடும் சத்தம் கேட்டது. “என்ரை போனும் வேறை நேரம்தான் காட்டினது. போன் பிழை எண்டு நினைச்சன். எனக்கு இந்த ஊரிலை இது முதல் நோன்பு தங்கச்சி. மூத்த ஆக்கள் இருக்கேக்கை நான் என்னத்தைச் சொல்ல?”

“இவ்வளவு நாளும் நாலு நிமிசம் பிந்தித் திறந்தது பிழையோ?”

“நேரத்தோடை திறக்கிறதுதான் நல்லது. ஆனா பிந்தினதாலை நோன்பு முறியாது.”

“விடியப்பறம்?”

விடியுமுன் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும். மணிக்கூடு நாலு நிமிடம் பிந்தினால், அதை நம்பிக் கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டவர்கள் விடிந்த பிறகு சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நோன்பு இல்லை, ஒரு வருடம் இல்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அதுதான். என் ஒரு நாள் பழியைத் துடைக்க வேண்டுமென்றால், ரசீன் நானா மடியில் வைத்துக்கொண்டு வந்த மணிக்கூட்டின் தலையில் அத்தனை வருடத்தையும் போட வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டால் இன்னும் பல வருடம் அப்படியே போகும்.

“நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும் வேண்டாம்,” என்றார் மௌலவி. “பொழுது சொல்லட்டும். நீங்கள் பின்னேரம் வாங்கோ.”

குளக்கட்டு

அந்த ஊரில் மேற்கு வானம் மறைவில்லாமல் தெரியும் ஒரே இடம் குளக்கட்டு. தண்ணீருக்கு அப்பால் அறுவடை முடிந்த வயல், அதற்கும் அப்பால் ஒன்றுமில்லை. மௌலவி, நானா, இன்னும் பத்துப் பேர் வரையில் வந்திருந்தார்கள். நான் கட்டின் ஒரு ஓரத்தில், என் கணக்குத் தாளோடு. அந்தத் தாளை ஒருவரும் கேட்கவில்லை.

மௌலவி சொன்னது இவ்வளவுதான்: “நோன்பு மணிக்கூட்டுக்குப் பிடிக்கிறதில்லை. பொழுதுக்குப் பிடிக்கிறது. பாப்பம்.”

பார்த்தோம். சூரியன் வயலுக்குள் இறங்கியது. விளிம்பு மட்டும் நின்றது. அதுவும் போனது. என் தொலைபேசியில் என் கணக்கு நேரம். நானாவின் கையில் கலண்டர்க் கிழிசல். அதில் இன்னும் நாலு நிமிடம். மேற்கில் சூரியன் இல்லை.

மௌலவி அந்தக் கட்டிலேயே நின்று, ஒலிபெருக்கி இல்லாமல், பாங்கு சொன்னார். எல்லோரும் ஈச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். நானா மட்டும் கையில் வைத்திருந்தார்.

“நானா,” என்றார் மௌலவி, மெதுவாக.

நானா பழத்தைத் தின்றார். தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“லொறி வந்திட்டுது. மணிக்கூடு இன்னும் புத்தளத்திலையிருந்து வரேல்லை,” என்றார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. அவர் முகம் மாறியதைக் கண்டேன். நோன்பு, பழி, கணக்கு எல்லாவற்றையும் விட இதுதான் அவருக்குப் பெரிது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனைவி திரும்பி வர மறுத்தவர். “ஒருக்கா வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தது காணும், இனி ஏலாது,” என்று சொல்லி மகளோடு அங்கேயே நின்றுவிட்டவர். காணியைப் பார்க்க நானா மட்டும் வந்தார். அவர்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது அந்த ஒரு பாங்கு. அதையும் என் கணக்கு இரண்டாக வெட்டிவிட்டது.

“எனக்குப் பொழுது பட்டுட்டுது,” என்றார் நானா, குற்றம் செய்தவர்போல. “நான் திறந்திட்டன்.”

“இங்கை இன்னும் நிக்குதே.”

பிறகு நானா கேட்டார். “எவ்வளவு உயரத்திலை நிக்குது?”

“களப்புத் தண்ணிக்கு மேலை. ஒரு விரல் இருக்கும்.”

“சிவப்போ?”

“இல்லை, மஞ்சள்தான். முகில் ஒண்டு குறுக்கை நிக்குது. நீங்கள் என்ன கஞ்சி குடிக்கேல்லையோ?”

முன்பெல்லாம் இரண்டு பாங்கும் ஒன்றாகக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிடுவார்களாம். பேச நேரம் இருக்காது. அன்று நாலு நிமிடம் பேசினார்கள். மூட்டுவலி, பேத்தியின் பரீட்சை, கூரையில் ஒழுகும் ஓடு. நாங்கள் எல்லோரும் கேட்காதவர்கள்போலக் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திங்களும் வியாழனும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மௌலவி விஷயத்தைச் சொன்னாராம். தெரியாமல் நடந்தது, மார்க்கம் படித்த பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம் என்று. பெண்கள் அநேகமாக விடியற்காலைப் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பே சாப்பிட்டு முடிப்பவர்கள். பாங்கு கேட்கும் வரை சாப்பிட்டவர்கள் யார் என்று கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. பிறகு ரசீன் நானாவின் கை எழுந்தது. அவர் கடைசி நிமிடம் வரைக்கும் தேத்தண்ணி குடிப்பவர்.

பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையும் இல்லை. நானா அதற்குக் காத்திருக்கவும் இல்லை. பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், விட்ட நோன்புகளைத் திருப்பிப் பிடிக்கத் தொடங்கிவிட்டார். கிழமையில் திங்களும் வியாழனும். எத்தனை வருடத்தில் முடியும் என்று கேட்டேன். “முடியுமட்டும்,” என்றார்.

இடையில் ஒரு நாள் கடைக்கு வந்து, இரும்புக்கடை மேசையில் வைக்க இன்னொரு மணிக்கூடு வேண்டும் என்றார். அதில் நேரம் வேண்டாம். புத்தளத்தில் பொழுது பட இன்னும் எத்தனை நிமிடம் என்று மட்டும் காட்டினால் போதும்.

அது எப்போதும் நாலாக இருக்காது, ஆனியில் இரண்டளவுக்குக் குறையும், மார்கழியில் ஆறளவுக்குக் கூடும் என்று விளக்கினேன். நானா கவனமாகக் கேட்டார்.

“மார்கழி நல்லது,” என்றார்.

கஞ்சி

அடுத்த வருட நோன்பில் என்னைக் கஞ்சிக்குக் கூப்பிட்டார்கள். அதே விறாந்தை, அதே கதிரை, எனக்குத் தனிச் சட்டி. சுவரில் கலண்டர் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. மணிக்கூடு மூன்று தரம் கூவியது. பாங்கு சொல்லப்பட்டது. நானா ஒரு ஈச்சம்பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து நோன்பைத் திறந்தார். கஞ்சிக் கோப்பையைத் தொடவில்லை. தொழுகை தொடங்குமுன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு படியில் வந்து இருந்தார்.

“ஆறுது நானா,” என்றேன்.

“ஆறட்டும். நாலு நிமிசம்தானே.”

அவர் இருக்கும்போது நான் மட்டும் எப்படிக் குடிப்பது? நானும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசிக்குள் மனைவி கூரை ஓடு பற்றி முறைப்பட்டுக்கொண்டிருந்தார். போன வருடத்து ஓடுதான், இன்னும் மாற்றவில்லை. நடுவில் பேச்சை நிறுத்தினார். தூரத்தில் பாங்கு கேட்டது.

நானா கோப்பையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். கஞ்சி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. இருவரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.